யேனா நகரத்துக் கண்ணாடி

கேமரா லென்சின் கூர்மை கணக்குப் போட்டுப் பெறும் பொருளானது 1840-இல், வியன்னாவில் யோசப் பெட்ஸ்வல் வடிவமைத்த உருவப்பட லென்சோடு. அதில் நடுப்பகுதி துலங்கும், ஓரம் கலங்கும்: மூக்கு தெளிவு, காது மங்கல். முகம் எடுப்பவர்களுக்கு அது போதும். கட்டடம் எடுப்பவர்களுக்குத்தான் தொல்லை.

குறை கணக்கில் மட்டுமல்ல, கண்ணாடியிலும் இருந்தது. 1884-இல் ஜெர்மனியின் யேனாவில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே, சைஸ் குடும்பத்தார் சேர்ந்து கண்ணாடிக் கூடம் தொடங்கினர். அங்கே வார்த்த பேரியக் கண்ணாடி ஒளியை நன்றாக வளைத்தது. நிறங்களையோ அவ்வளவாகச் சிதறவிடவில்லை. அதன்பின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் இரண்டு லென்சுகளை உருவாக்கினார். 1896-இல் பிளானர், ஆறு கண்ணாடி. 1902-இல் டெஸார், நான்கே கண்ணாடி.

தாளில் பிளானரே மேல். ஆனால் காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளியைத் திருப்பியடிக்கும். பிளானரில் அப்படி எட்டுப் பரப்புகள். திரும்பிய ஒளி படத்தில் புகைபோலப் படிந்தது. டெஸாரில் ஆறுதான். ‘கழுகுக் கண்’ என்ற விளம்பரப் பெயர் அதற்குப் போனது.

1935-இல் சைஸின் அலெக்சாந்தர் ஸ்மக்குலா எதிரொளி தடுக்கும் மென்பூச்சைக் கண்டறிந்தபின் பிளானர் மீண்டது. இன்று டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்குவோர் கூர்மைக்காகத் தேடும் விலை குறைந்த 50 மி.மீ. லென்சுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.