அம்மாவின் காலண்டரும் ஹெர்ன்ஹூட் சீட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நெல்லையிலிருந்து ஒரு பார்சல் வரும். அதிரசம், முறுக்கு, கூடவே செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு தினசரி காலண்டர். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் ஒரு வேத வசனம் அச்சிட்டிருக்கும். அதே காலண்டர்தான் ஊரில் அம்மாவின் அடுப்படிச் சுவரிலும் தொங்கும். காலை ஆறு மணிக்குப் போன் வரும்.

"எய்யா, இன்னைக்கு வசனம் வாசிச்சியா?"

"வாசிச்சேம்மா."

"எங்கே, சொல்லு பாப்போம்."

அவசரமாக எழுந்து போய்த் தாளைக் கிழிப்பேன். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடியது. வெளியூரில் வேலை பார்க்கும் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

மற்ற நண்பர்களுக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், எங்கள் பக்கத்துச் சபைகள் பலவற்றில் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கான "வாக்குத்தத்தம்". நல்ல வசனம் வந்தால் முகம் மலரும். கொஞ்சம் கடினமான வசனம் வந்தால், "மாத்தி எடுத்துக்கலாமா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்கும். பெரியவர்கள் மனதுக்குள் கேட்பார்கள்.

2022 புத்தாண்டில் அம்மா எடுத்த அட்டையில் 91-ம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது. நீண்ட ஆயுளைப் பற்றிய வசனம். போனில் அம்மா அதைச் சிரித்துக்கொண்டே வாசித்தாள். அந்த செப்டம்பரில் அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. அக்கா கூப்பிட்டு, "தம்பி, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயேன்" என்றாள். வங்கியில் அரையாண்டுக் கணக்கு முடிக்கும் சமயம். "அம்மாவுக்குத்தான் வாக்குத்தத்தம் இருக்கே அக்கா, கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் லீவு போட்டு வாரேன்" என்று சொன்னேன். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அம்மா இறந்துபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் காலண்டர் தாளைக் கிழிக்கவில்லை. வசனம் பொய்த்துவிட்டது என்ற கோபம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உள்ளே இருந்தது. ஆயிரம் மைல் தள்ளி ஒரு அச்சகத்தில் போட்ட வசனத்தை, எனக்கே எனக்கென்று எழுதிய கடிதம் மாதிரி வாசிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எப்போது தொடங்கியது இது? நான் பி.காம் படித்தவன், சரித்திரம் என் பாடமில்லை. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் பழைய பேரேட்டைப் புரட்டும் பழக்கம் உண்டு. அப்படிப் புரட்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சின்சென்டார்ப் என்ற இளம் பிரபு இருந்தார் (1700–1760). ஹாலே நகரத்தில் பிராங்கே நடத்திய பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளிக்கும் நம் தரங்கம்பாடிக்கும் நெருங்கிய தொடர்பு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், ஹாலேயோடு தொடர்புள்ளவர்தான். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சில் கொண்டுவந்ததும் அந்த மிஷன்தான். பிராங்கேயின் சாப்பாட்டு மேசையில் தரங்கம்பாடிக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் இந்த சின்சென்டார்ப்.

1722-ல் பக்கத்து மொரேவியாவிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த சில குடும்பங்கள் அவருடைய நிலத்தில் குடியேறின. தச்சர், நெசவாளர், குயவர் என்று கைத்தொழில் செய்யும் எளிய ஜனங்கள். வந்த இடத்துக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். கர்த்தருடைய காவல் என்று அர்த்தம். பெயர் நன்றாக இருந்தாலும் உள்ளே ஓயாத சண்டை. பல ஊர், பல சபைப் பழக்கம். யார் முறை சரி என்று வாக்குவாதம். (நம் வெளியூர்த் தமிழ்ச் சபைகளில் கமிட்டி உறுப்பினராக இருந்தவர்களுக்கு இது உடனே புரியும்.)

1727 ஆகஸ்ட் 13-ம் தேதி, பக்கத்து ஊர்க் கோயிலில் சேர்ந்து இராப்போஜனம் எடுத்தபோது அந்தப் பகை உடைந்தது என்று அவர்கள் சரித்திரம் சொல்கிறது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 27-ல், 24 ஆண்களும் 24 பெண்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் பங்கு போட்டு, ஒவ்வொரு மணி நேரத்திலும் யாராவது ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்க வேண்டும். பலிபீடத்து நெருப்பு அணையக்கூடாது என்ற லேவியராகமத்துக் கட்டளைதான் அதற்கு முன்மாதிரி. அந்தச் சங்கிலி நூறு வருடங்களுக்கு மேல் நீடித்தது.

அடுத்த வருடம் 1728 மே 3-ம் தேதி மாலை, பாட்டுக் கூட்டம் முடிந்தபோது சின்சென்டார்ப் அடுத்த நாளுக்கென்று ஒரு வரியைக் கொடுத்தார். மறுநாள் காலை ஒரு சகோதரர் வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார். அப்போது அங்கே முப்பதுக்குச் சற்று அதிகமான வீடுகள். கதவைத் தட்டி அன்றைய வார்த்தையைச் சொல்வார்கள், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு என்ன கஷ்டம் என்று விசாரிப்பார்கள், திரும்பி வந்து சபைக்குச் சொல்வார்கள். அன்றைய வசனமும் அன்றைய நலம் விசாரிப்பும் ஒரே நடையில் நடந்த காரியம். என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான். அம்மாவின் ஆறு மணிப் போனும் இதே வேலையைத்தானே செய்தது!

1731-ம் ஆண்டுக்கு இதை முழுப் புத்தகமாக அச்சிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வருடம்கூட விடாமல் வந்துகொண்டிருக்கிறது. இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. நம் காலண்டர்கள் நேரடியாக இதிலிருந்து வந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதிக்கு ஒரு வசனம் என்ற பழக்கத்துக்கு இவ்வளவு நீண்ட, தெளிவான வரலாறு இதில்தான் எனக்குக் கிடைத்தது.

தயாரிக்கும் முறையும் சுவாரசியமானது. பழைய ஏற்பாட்டிலிருந்து சுமார் 1,800 வசனங்களின் தொகுப்பு இருக்கிறது. ஹெர்ன்ஹூட்டில் ஒவ்வொரு நாளுக்கும் அதிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள், அதுவும் மூன்று வருடம் முன்கூட்டியே. அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் ஆட்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, சீட்டு பாதி, சிந்தனை பாதி.

புத்தகத்தின் பெயர் ஜெர்மன் மொழியில் "லோசுங்". சீட்டு என்ற சொல்லோடு உறவுள்ள வார்த்தை. ஆனால் வழக்கில் அதன் பொருள், இரவில் காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் சங்கேதச் சொல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் ஒன்று சொல்வார்கள். தந்தி மூலம் பணம் அனுப்பிய காலத்தில், தந்தியோடு ஒரு சங்கேத எண்ணும் வருமாம். மேலாளர் பூட்டி வைத்திருக்கும் குறியீட்டுப் புத்தகத்தை எடுத்து ஒத்துப் பார்த்துத்தான் பணம் கொடுப்பார்களாம். அந்த எண் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லாது. அனுப்பியவர் நம்மவர்தான் என்பதை மட்டும் சொல்லும். தினவசனமும் முதலில் அப்படிப்பட்ட சொல்லாகத்தான் இருந்தது.

இந்த ஜனங்கள் உலகம் முழுக்கச் சிதறினார்கள். 1732-ல் ஒரு குயவரும் ஒரு தச்சரும் கரீபியனில் உள்ள செயின்ட் தாமஸ் தீவுக்குப் புறப்பட்டார்கள். 1733-ல் சிலர் கிரீன்லாந்துக்குப் போனார்கள். 1760 ஜூலையில் ஒரு கூட்டம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்தது. அதே வருடம் மே மாதம் சின்சென்டார்ப் ஹெர்ன்ஹூட்டில் இறந்துவிட்டிருந்தார். கப்பலில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? இறங்கியதும் வேலையைத் தொடங்கினார்கள். ஊருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். ஏற்கெனவே இருந்த ஹாலே மிஷனரிகளுக்கு இவர்கள் வருகை பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

அங்கிருந்து 1768-ல் நிக்கோபார் தீவுக்குப் போனார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1787-ல் அந்த வேலையை மூட வேண்டியதாயிற்று. தினமும் வசனம் வாசிக்கும் மரபில் வளர்ந்தவர்கள்தான். காய்ச்சல் வசனத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. ஆனாலும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டு எடுப்பது நிற்கவில்லை. இதை வாசித்தபோது என் கோபம் கொஞ்சம் தணிந்தது. அந்த வசனங்களைச் சாவுக்கு எதிரான காப்பீட்டுப் பத்திரமாக அவர்கள் வைத்திருந்தால், நிக்கோபாரோடு அந்தப் புத்தகமும் முடிந்திருக்க வேண்டும்.

அவர்களும் சீட்டில் அதிகமாகச் சாய்ந்தது உண்டு. யாரை மணப்பது என்பதைக்கூடச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்த காலம் இருந்தது. 1818-ல் கூடிய பொதுச்சபை, சாதாரண உறுப்பினர்களின் திருமணத்துக்கு அது கட்டாயமில்லை என்று தளர்த்தியது. மெல்ல மெல்ல முடிவெடுக்கும் சீட்டு மறைந்து, வாசிக்கும் சீட்டு மட்டும் தங்கியது.

எனக்குப் பதில் கிடைத்தது இன்னொரு மனிதரிடம். டீட்ரிக் போன்ஹோபர், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர். 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப் பாதுகாப்பான வேலைக்கு ஏற்பாடு செய்தார்கள். போய் இறங்கியவருக்கு நிம்மதி இல்லை. தினமும் அந்த லோசுங் புத்தகத்தை வாசித்து நாட்குறிப்பு எழுதினார். ஜூன் 20-ம் தேதி அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜூன் 26 அன்று, தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தில், குளிர்காலத்துக்கு முன் வந்து சேர் என்று அவர் அழைக்கும் இடத்தை வாசித்தார். நம் தமிழ் வேதாகமம் அதை மாரிகாலம் என்கிறது. அது தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்ற பொருளில் அன்றே குறித்து வைத்தார். ஜூலையில் கப்பல் ஏறினார்.

தேதிகளைக் கவனியுங்கள். வேலையை மறுத்தது 20-ம் தேதி, வசனம் வந்தது 26-ம் தேதி. முடிவெடுக்கும் பாரத்தை அவர் வசனத்தின் தலையில் போடவில்லை. மனசாட்சியோடு போராடித் தானே முடிவெடுத்தார். வசனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். திரும்பிப் போனதால் உயிர் தப்பியதா என்றால், அதுவும் இல்லை. 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை, உடன் இருந்த கைதிகளுக்கு அந்த நாளின் வசனங்களை வைத்துத்தான் கடைசியாகப் பேசினார். மறுநாள் காலை பிளாசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள்.

இதை வாசித்த இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அம்மாவின் அட்டை என்னை ஏமாற்றவில்லை. நான்தான் அதை லீவு போடாமல் இருப்பதற்கு அத்தாட்சியாக வைத்துக்கொண்டேன். மாரிகாலத்துக்கு முன் வா என்று அக்கா தெளிவாகத்தான் கூப்பிட்டாள். அது என் காதில் வசனமாக விழவில்லை. தேவனுடைய அன்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு மனுஷர் வாய்வழியாகத்தான் வந்து சேருகிறது. லீவு லெட்டர் எழுத வேண்டியது கர்த்தர் இல்லை, நான்.

சென்ற குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹௌராவில் லோக்கல் ரயில் பிடித்து செராம்பூர் போனேன். தரங்கம்பாடி மாதிரியே 1845 வரை டேனிஷ்காரர் வசம் இருந்த ஊர். வில்லியம் கேரி 1800-ல் அங்கே குடியேறுவதற்கு முன்பே, 1770-களில் இந்த மொரேவியச் சகோதரர்கள் அங்கேயும் வந்து, நிலைக்காமல் போயிருக்கிறார்கள். கங்கைக் கரையில் உட்கார்ந்து பையிலிருந்த அன்றைய காலண்டர் தாளை எடுத்து வாசித்தேன். இப்போது காலண்டர் அனுப்புவது அக்கா. வாசித்து முடித்ததும் அவளுக்குப் போன் செய்தேன். முதலில் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிறகுதான் வசனம்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் சின்னது. காலை ஆறு மணிக்கு ஒரு வசனம், இரண்டு நிமிடம் மௌனம், ஒரே ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபம். அந்த ஆளுக்கு அன்று மாலைக்குள் போன் செய்துவிட வேண்டும் என்பது நாங்களாகப் போட்டுக்கொண்ட விதி. ஹெர்ன்ஹூட்டில் கதவு தட்டிப் போன அந்தச் சகோதரரிடம் கடன் வாங்கியது.

வருகிற டிசம்பர் 31-ல் நீங்களும் அட்டை எடுப்பீர்கள். நல்ல வசனமே வரட்டும். ஆனால் ஊரிலிருந்து யாராவது "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று சொன்னால், அட்டையை எடுத்துப் பார்க்காதீர்கள். டிக்கெட் எடுங்கள்.