குடுமியும் ஆண்டவரின் பந்தியும்

தலைமுடி மிகச் சிறிய பொருள். வெட்டினால் வலிப்பதில்லை, வெட்டியது மீண்டும் வளர்கிறது. ஆயினும் மனிதர் தம் மானத்தையும் குலத்தையும் பக்தியையும் துக்கத்தையும் அதன்மேல் ஏற்றி வைத்திருக்கின்றனர். நேர்ச்சைக்காக வளர்க்கிறோம், நேர்ச்சை நிறைவேறியபின் உவரியிலோ புளியம்பட்டியிலோ அந்தோணியார் திருத்தலத்தில் மொட்டையடித்துக்கொள்கிறோம். திருச்சபையின் வரலாற்றிலும் ஆடவரின் முடி பலமுறை வழக்காகியுள்ளது. அவ்வழக்குகளுள் ஒன்று நம் தென்பாண்டிச் சீமையோடு நெருங்கிய தொடர்புடையது. அதனை நாம் மீண்டும் படித்துப் பார்க்கும்படி செய்தது ஒரு சிறு நிகழ்ச்சி.

தாமிரபரணிக் கரையில் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், பெரிய வியாழன் திருப்பலியின் இரண்டாம் வாசகத்தை வாசிக்க ஓர் இளைஞரின் பெயரைக் குறித்திருந்தோம். அவருக்குத் தோளைத் தொடும் முடி. எண்ணெய் தேய்த்துச் சீவிப் பிடரியில் கட்டியிருப்பார். நுனியை மட்டும் அவ்வப்போது நறுக்கிக்கொள்வார். பங்குப் பேரவைப் பெரியவர் சிலர் நம்மிடம் வந்தனர். “சாமி, இந்தத் தலையோடு பீடத்தில் ஏறலாமா? நம் கத்தோலிக்க மரபு என்ன ஆவது?” என்று கேட்டனர். ஆண் முடி வளர்ப்பது இழிவு என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தைச் சுட்டிக் காட்டினர். இளைஞரை அழைத்துப் பேசினோம். அவர் பணிவோடு, “வெட்டச் சொன்னா வெட்டிருதேன் ஃபாதர். ஏன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அந்த ‘ஏன்’ நம்மை உறங்கவிடவில்லை. பங்கு இல்லத்துச் சுவரில் பழைய நிழற்படம் ஒன்று தொங்குகிறது. அந்நாளைய உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் குருவானவரைச் சூழ நிற்கின்றனர். ஒவ்வொருவர் காதிலும் கடுக்கன். ஒவ்வொருவர் தலையிலும் குடுமி. நம்மிடம் முறையிட வந்தவர்களின் பாட்டனார்கள் அவர்கள்! எது நம் கத்தோலிக்க மரபு?

தமிழ் ஆடவர் முடி வளர்த்த வழக்கம் மிகத் தொன்மையானது. ஆடவர் முடிக்கென்றே குஞ்சி என்னும் சொல் நம் மொழியில் உண்டு. பாண்டிய மன்னருள் ஒருவனுக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்றே பெயர். வேள்விக்குடிச் செப்பேடும் அவனைக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் முன்மண்டையை மழித்து, எஞ்சிய முடியை நீள வளர்த்து முடிந்துகொள்ளும் குடுமி பரவிற்று. அதைப் பேணுவது எளிதன்று. முன்தலையில் முள்முள்ளாய் முளைப்பதை அடிக்கடி மழிக்கவேண்டும். நல்லெண்ணெய் தேய்த்து, அரப்போ சீயக்காயோ இட்டு ஆற்றில் முழுக வேண்டும். உலர்த்திச் சிக்கெடுத்து முடிய வேண்டும்.

இப்பணியில் ஊராருக்குத் துணைநின்றவர் நாவிதர். நம் பக்கத்தில் அவரைக் ‘குடிமகன்’ என்பர். காருக்கும் பிசானத்துக்கும் களத்தில் அளக்கப்பட்ட நெல்லே அவருக்குக் கூலி. ஊரின் எல்லாத் தலைகளையும் தொட்ட அக்கைகளுக்கு உரியவர், அத்தலைகள் உண்ணும் பந்தியில் அமர்ந்ததில்லை. இதனை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்தவர். அந்நாளில் நம் மறை ‘பரங்கி மார்க்கம்’ எனப்பட்டது. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியின் உடையையும் உணவையும் ஏற்பது என்றே உள்நாட்டு மக்கள் எண்ணினர். நொபிலி துறவியின் காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றுப் போதித்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் குடுமியையும் பூணூலையும் களையவேண்டியதில்லை என்றார். அவரோடு மதுரையிலிருந்த அதே சபைக் குரு கொன்சாலோ பெர்னாந்தஸ் 1610-இல் மேலிடத்துக்கு முறையிட்டார்: இவையெல்லாம் சிலைவழிபாட்டின் சின்னங்கள், இவற்றை வைத்துக்கொண்டு கிறிஸ்தவராய் இருத்தல் எங்ஙனம்?

நொபிலியின் விடை, இவை குலத்தின் அடையாளங்கள், வழிபாட்டின் அடையாளங்கள் அல்ல என்பது. நாட்டு வழக்கமும் அவருக்குச் சான்றாக நின்றது. அந்தணர் துறவு பூணும்போது குடுமியையும் பூணூலையும் களைவோர் உண்டு. அவை இறைவனுக்கு உரியனவாயின், உலகைத் துறந்து இறைவனையே நாடுபவர் அவற்றைக் களைவானேன்?

ஏறத்தாழ அதே காலத்தில் சீனத்திலும் இத்தகைய சிந்தனை எழுந்தது. அங்குச் சென்ற மத்தேயு ரிச்சி முதலில் பௌத்த துறவியரைப் போலத் தலையை மழித்திருந்தார். 1595-இல் முடியும் தாடியும் வளர்த்து அறிஞர் கோலம் பூண்டார். ஐரோப்பாவும் இதற்கு விலக்கன்று. 664-இல் இங்கிலாந்தின் விட்பி நகரில் கூடிய சங்கம், பாஸ்கா விழாவின் நாளோடு, குருக்கள் உச்சிமுடியை எவ்வடிவில் மழிப்பது என்னும் பூசலையும் எதிர்கொண்டது. அந்த உச்சிமழிப்பை 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நீக்கும்வரை இலத்தீன் திருச்சபையில் குருத்துவப் பாதையின் முதற்படியே முடி வெட்டுதலாய் இருந்தது. முடியைப் பற்றி நாம் பிறரைக் கேட்பதற்குமுன், நம் தலையையும் தடவிப் பார்த்துக்கொள்வது நலம்.

நொபிலியின் வழக்கு 1619-இல் கோவாவில் ஆராயப்பட்டது. கருத்து இரண்டாய்ப் பிளந்ததால் அது உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தம் தீர்ப்பை வெளியிட்டார். நம் ‘குடுமி’ என்னும் சொல் அந்த இலத்தீன் ஏட்டில் ‘கொதும்பி’ என உருமாறிக் காணப்படுகிறது! மனித வலுவின்மைக்கு இரங்கி, மேலும் ஆய்ந்து முடிவெடுக்கும்வரை, புதுக் கிறிஸ்தவர் குடுமியும் பூணூலும் தம் குலநிலையின் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், சந்தனம் பூசலாம், தூய்மைக்காக நீராடலாம் என்று அவர் இசைந்தார். நிபந்தனைகளும் உண்டு. அவற்றைப் பிற சமயக் கோவிலிலோ பூசாரியிடமோ பெறலாகாது. தீர்த்தம் தெளித்துச் செபித்துக் குருவானவரே அளிக்கவேண்டும்.

இத்துடன் அந்த ஏடு முடியவில்லை. இறுதியில் திருத்தந்தை ஒரு வேண்டுகோள் விடுக்கிறார். குலப்பெருமை உடையோர் எளியோரை இகழாதிருக்கட்டும். சிறப்பாகக் கோவிலில், இறைவார்த்தை கேட்பதிலும் அருளடையாளங்களைப் பெறுவதிலும் அவர்களிடமிருந்து பிரிந்து நில்லாதிருக்கட்டும் என்று மன்றாடுகிறார். தீர்ப்பின் முற்பகுதி உரிமை, பிற்பகுதி மன்றாட்டு. உரிமையை நம் முன்னோர் பற்றிக்கொண்டனர். மன்றாட்டு என்னவாயிற்று?

இங்கு ஒன்றை மறைக்கலாகாது. குடுமி குலமேன்மையின் சின்னம் என்ற காரணத்தாலேயே அதற்கு இசைவு கிடைத்தது. சிலை வணக்கத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டிய வாதம், சாதியோடு அதை இன்னும் இறுக்கமாய் முடிந்துவிட்டது. நொபிலியின் நோக்கம் தூயது. அவர் காலத்தில் வேறு வழி காண்பது அரிதாயும் இருந்திருக்கலாம். ஆயினும் அம்முடிச்சின் வலியைப் பின்வந்தோர் அனுபவித்தனர்.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே கேள்வி நெல்லைச் சீமையின் சீர்திருத்த சபைகளில் எழுந்தது. குடுமி பிற சமயச் சின்னம், கிறிஸ்தவர் அதைக் கத்தரிக்கவேண்டும் என மிஷனரிமார் சிலர் வற்புறுத்தினர். 1841-இல் இடையன்குடிக்கு வந்து, பின்னர் ஆயரான கால்டுவெல் அதை மறுத்து 1860-களில் எழுதினார். மொழிகளை ஆய்ந்த அதே பொறுமையோடு அவர் முடியையும் ஆய்ந்தார். குடுமி நாட்டு வழக்கமே, சமயக் குறியன்று என்பது அவர் முடிவு. நொபிலியும் கால்டுவெல்லும் பலவற்றில் முரண்பட்டவர்கள். இவ்வொன்றில் இருவரும் ஒரே பக்கம் நின்றது வியப்புக்குரியது.

நெல்லையின் அதே தென்கோடியில், இடையன்குடியைப் போலவே பழம்பெருமை உடைய ஊர் வடக்கன்குளம். புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற புண்ணிய பூமி அது. அவ்வூர்த் திருக்குடும்பக் கோவில் 19-ஆம் நூற்றாண்டில் இரு கால்களாய்ப் பிரிந்த வடிவில் கட்டப்பெற்றது. ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு சமூகத்தார். இரண்டும் கூடுமிடத்தில் பீடம். மக்கள் அதைக் கால்சட்டைக் கோவில் என்றனர். நடுவிலிருந்த பிரிவினைச் சுவரை 1910-இல் கௌசானல் அடிகளார் இடிக்கச் செய்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிரிந்து நிற்கும் உரிமை கோரியோரின் வாதம் அங்கே ஏற்கப்படவில்லை. எண்ணிப் பார்ப்போம். 1623-இல் ஒரு திருத்தந்தை கெஞ்சிக் கேட்டது, 1910-இல் கடப்பாரையால் நிறைவேற்றப்பட்டது.

அக்காலத்திலேயே குடுமியும் மறையத் தொடங்கியிருந்தது. எட்டயபுரத்துப் பாரதியார் காசியில் குடுமியைக் களைந்து ஊர் திரும்பினார். பள்ளி, அலுவலகம், இரயில், பட்டணம் எல்லாம் சேர்ந்து கிராப்பைக் கொண்டுவந்தன. எந்த ஆயரும் ஆணையிடவில்லை. எந்தச் சங்கமும் கூடவில்லை. பேரேடுகள் எழுதி வாதிட்ட பொருள் ஒன்றிரண்டு தலைமுறைகளில் ஓசையின்றி உதிர்ந்துவிட்டது. தலைக்கு வெளியே இருந்தது போயிற்று. தலைக்கு உள்ளே இருந்தது?

இனி நம் பெரியவர்கள் காட்டிய திருமுகத்துக்கு வருவோம். ஆண் நீள்முடி வளர்ப்பது இழிவு என இயற்கையே கற்பிக்கவில்லையா என்று பவுல் வினவுவது உண்மை. அதே பவுல் ஒரு நேர்ச்சையின் பொருட்டுத் தம் முடியை வெட்டிக்கொண்டார் எனத் திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரம் கூறுகிறது. அது நிகழ்ந்த கெங்கிரேயா, கொரிந்து நகரின் துறைமுகமே. முடி பற்றிய பகுதியை முடிக்கையில் அவர் இறைச்சட்டம் எதையும் மேற்கோள் காட்டவில்லை; எங்களுக்கோ கடவுளின் சபைகளுக்கோ அத்தகைய வழக்கம் இல்லை என்னும் பொருள்படவே முடிக்கிறார். வழக்கம் பற்றிய பேச்சு வழக்கத்திலேயே முடிகிறது.

அடுத்த வரியில் அவர் குரல் மாறுகிறது. நீங்கள் கூடிவரும்போது பிளவுகள் உண்டெனக் கேள்விப்படுகிறேன் என்கிறார். ஆண்டவரின் பந்தியில் ஒருவர் பசியாயிருக்க, ஒருவர் குடிவெறி கொள்கிறார். இல்லாதவரை நாணச் செய்கிறீர்களே என்று கடிந்துகொள்கிறார். நம் மொழியில் சொன்னால், பந்தி வஞ்சனை! அதற்கு மருந்தாகவே, ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்த வரலாற்றை எடுத்துரைக்கிறார். பெரிய வியாழனன்று நாம் வாசிக்கும் இரண்டாம் வாசகம் இதுவே.

பவுலின் திருமுகத்திலும் கிரகோரியாரின் ஏட்டிலும் வரிசை ஒன்றே என்பது நம்மை உலுக்கியது. முதலில் முடி, அதைத் தொடர்ந்து பந்தி. முடியைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு ஏட்டை மூடிவைப்பதே நம் வழக்கமாயிருந்திருக்கிறது. விசுவாசத்தையும் பொதுநலனையும் தொடாதவற்றில் ஒரே வடிவத்தைத் திணிக்கத் திருச்சபை விரும்புவதில்லை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் 1963-இல் கூறியது. மழிப்பதும் வளர்ப்பதும் ஒருவரைச் சான்றோராக்கா என்று நம் வள்ளுவரும் எந்நாளோ உணர்த்திவிட்டார். பந்தியில் பிரித்து உட்கார வைப்பதோ வழக்கம் பற்றிய பொருளன்று. அது ஆண்டவரின் உடலைப் பற்றியது.

பேரவை கூடியபோது இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். முடி தூய்மையாகவும் ஒழுங்காகவும் இருக்கட்டும். அதற்குமேல் நாம் கேட்கவேண்டியதில்லை என்றோம். பின்பு நம் கேள்வியை வைத்தோம்: “நம் அசனத்தில் யார் எந்தப் பந்தியில் அமர்கிறார்கள்? திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவுக்குள் போவதில்லை?” நெடுநேரம் எவரும் பேசவில்லை. முறையிட வந்தவருள் மூத்தவர் மட்டும், “தம்பி வாசிக்கட்டும் சாமி. சப்பரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்” என்றார்.

அவ்வியாழன் மாலை அந்த இளைஞர் எண்ணெய் தேய்த்துச் சீவிய முடியைப் பிடரியில் கட்டிக்கொண்டு, தெளிவான குரலில் வாசித்தார். அவர் முடியைப் பற்றி அதன்பின் எவரும் பேசியதாக நாம் அறியோம். சப்பரத்தைப் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்திலும் வந்தது; அதற்கடுத்த கூட்டத்திலும் வந்தது. நாம் அப்பங்கை விட்டு மாற்றலாகி வந்த நாளிலும் அது முடிந்திருக்கவில்லை. வாசகர்களே, உங்கள் பங்கில் அது எப்படி இருக்கிறது?