வுட்சன், சார்லஸ்

சார்லஸ் வுட்சன் (பிறப்பு: 7 அக்டோபர் 1976, ஒகாயோ மாநிலம்) 1995 முதல் 1997 வரை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய அமெரிக்கக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரை மைதானத்தின் ஓரங்களில் நிழல்போல் தொடர்ந்து மறிக்கும் 'கார்னர்பேக்' அவரது ஆட்ட நிலை. எதிரணியினர் வீசிய பந்தை நடுவிலேயே கைப்பற்றும் இடைமறிப்பை மூன்று பருவங்களில் 18 முறை நிகழ்த்தினார். அவற்றில் எட்டு 1997-இல் நிகழ்ந்தவை.

அந்தப் பருவத்தில் அவர் தாக்குதல் வரிசையிலும் இறங்கியதோடு, எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்து முன்னேறும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். ஒகாயோ ஸ்டேட் அணியை மிச்சிகன் 20-14 என வென்ற ஆட்டத்தில், அவ்வாறு பிடித்த பந்துடன் 78 கெஜம் ஓடி அவர் எடுத்த 'டச்டவுன்' (எல்லைக்கோட்டைக் கடந்து ஈட்டும் ஆறு புள்ளி) அவருடைய கல்லூரி வாழ்வின் உச்சம் எனலாம். கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த வீரருக்கு 1935 முதல் அளிக்கப்படும் ஹைஸ்மன் விருதை டென்னசி அணியின் பெய்டன் மேனிங்கை முந்தி அவர் பெற்றபோது, முதன்மையாகத் தடுப்பாட்டம் ஆடிய ஒருவருக்கு அது முதன்முறையாகச் சென்றது. 1998 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் போட்டியில் வாஷிங்டன் ஸ்டேட் அணியை 21-16 என வீழ்த்திய மிச்சிகன், 12 ஆட்டங்களிலும் தோல்வியின்றிப் பருவத்தை முடித்தது.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1998-ஆம் ஆண்டுத் தேர்வில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவரை நான்காவது தேர்வாக எடுத்தது. கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் 2018-இலும், தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் 2021-இலும் சேர்க்கப்பட்டார்.