பேரிக்காய் ராஜாவும் பாரதியின் 'இந்தியா'வும்

அட்டுவம்பட்டியில் படித்த நமக்குப் பேரிக்காய் என்றால் ரோட்டோரக் கூடைகளும் உப்பு, மிளகாய்ப்பொடியும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1830-களில் பாரீஸ் நகரத்தில் பேரிக்காய் என்றால் ராஜா லூயி பிலிப் என்று அர்த்தம்!

1830-இல் 'லா கரிகாத்தூர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர் ஷார்ல் பிலிப்போன். புரட்சியின் சுவடுகளைச் சுவரிலிருந்து பூசி மறைக்கும் கொத்தனாராக ராஜாவைக் காட்டி ஒரு படம் வெளியிட்டார். வழக்கு வந்தது. 1831 நவம்பரில் கோர்ட்டிலேயே நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதல் படத்தில் ராஜாவின் முகம். நான்காவதில் வெறும் பேரிக்காய். சாயல் இருந்தாலே குற்றம் என்றால் பேரிக்காயையும் தண்டிக்க வேண்டுமே என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் மசியவில்லை. ஆறு மாதச் சிறை, 2,000 பிராங்க் அபராதம்.

அடுத்து ஓனோரே தோமியே. ஏழைகளின் காசை விழுங்கும் பெருவயிற்றுப் பூதமாக ராஜாவை வரைந்ததற்காக அவரும் 1832-இல் சிறை சென்றார். அச்சிட்டவரையும் வெளியிட்டவரையும்கூட வழக்கில் சேர்த்தார்கள். 1835-இல் புதுச் சட்டம் வந்தது: படம் போட வேண்டுமானால் முன் அனுமதி வேண்டும். எழுத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. படிக்கத் தெரியாதவனுக்கும் படம் புரிந்துவிடுமே, அந்தப் பயம்தான்!

அரை நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு, 1881 ஜூலை 29-ஆம் தேதிச் சட்டம் பிரான்சில் பத்திரிகைச் சுதந்திரத்தை உறுதி செய்தது. அது பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் பொருந்தும். ஆகவே நம் புதுச்சேரிக்கும்.

இனி சென்னைக்கு வருவோம். 1906 மே மாதம் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதியார் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகைக்கு அது புதுசு. அரசப் பிரதிநிதிகளும் மந்திரிகளும் கேலிக்கு ஆளானார்கள். 1908-இல் அதன் கட்டுரைகளுக்காக ராஜத்துரோக வழக்கு வந்தது. மாட்டியவர் யார்? பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்த மு. சீனிவாசன். பத்திரிகையை அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரைப் பதிய வேண்டும் என்றது அன்றிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம். எழுதியது யாராக இருந்தாலும், அரசாங்கத்தின் கைக்கு முதலில் எட்டுவது அந்தப் பெயர்தான். அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

பாரதியார் புதுச்சேரி போனார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' அங்கிருந்து படங்களோடு வெளிவரத் தொடங்கியது. பிலிப்போனும் தோமியேவும் பட்ட பாட்டின் பலன், ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிழலாகக் கிடைத்தது என்றால் மிகையில்லை. ஆனால் வாசகர்கள் இருந்ததோ பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம். பிரிட்டிஷ் அரசு உள்ளே வர விடாமல் தடுத்தது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது.

மன்னராட்சியோடு இந்தக் கதை முடிந்ததா? இல்லையே! 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழ, சில நாளிலேயே விடுதலையானார்.

இப்போது படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கார்ட்டூனைப் பார்த்துச் சிரியுங்கள், தப்பே இல்லை. சிரித்தபின், பத்திரிகையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரையும் ஒருமுறை படியுங்கள். பாரதியாரை நாம் எல்லோரும் அறிவோம். சீனிவாசனை எத்தனை பேருக்குத் தெரியும்?