சேலம் மாவட்டத்து மேகங்கள்

 பழைய சேலம் மாவட்டத்தின் ராயக்கோட்டை முதலிய இடங்களைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. அக்கால மெழுகுக் காகித நெகட்டிவ் நீல ஒளிக்கே எளிதில் வசப்படும். வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் பதியும். அதனால் டிரைப் பல நெகட்டிவ்களின்மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்தார், இலைகளுக்கு ஒளியேற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். 1990இல் வந்த போட்டோஷாப் செய்வதும் ஏறத்தாழ இவைதான், வேகம் வேறு. ஒட்டுவேலை கல்வெட்டை வாசிக்க உதவியது. தீட்டிய மேகமோ அன்றைய வானிலைக்குச் சான்றாகாது. அப்படங்களை ஆவணமாகக் கொள்வோர் கோட்டைச் சுவரை நம்பலாம், வானத்தை நம்பக் கூடாது.