வலி போனால் விரலும் போகும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் சுங்கை பூலோவுக்குப் பூச்செடி வாங்கப் போகாத குடும்பம் குறைவு. அங்குள்ள நாற்றங்கால்கள் பலவற்றைத் தொடங்கியவர்கள் தொழுநோயாளிகள் என்று ஊரை விட்டுப் பிரித்து வைக்கப்பட்டவர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1930-இல் திறக்கப்பட்டது அந்தக் குடியிருப்பு. உள்ளேயே பள்ளி, கடை, கோவில், மசூதி, தேவாலயம். அங்கு மட்டும் செல்லுபடியாகும் பணத்தாள்கூட 1930-களில் இருந்தது. சீனர், மலாய்க்காரர், நம் தமிழர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். உள்ளே பிறந்த குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். வரலாற்றில் இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். பெற்றவள் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்?

இவ்வளவு அச்சம் எதனால்? சதை அழுகி விரல் தானாக உதிர்ந்துவிடும் என்று உலகமே நம்பியதால். இந்த நம்பிக்கையை உடைத்தது நம் தமிழ்நாட்டு வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களில் பணிக்குச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர வைத்தார். அவர் கவனித்துச் சொன்ன உண்மை எளிமையானது: விரலைத் தின்பது நோயல்ல, வலி தெரியாமல் போவதுதான். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கை பின்வாங்காது. ஆணி குத்தினாலும் கால் நொண்டாது. புண் பெருகும், எலும்பு கெடும்.

சரி, வலி எங்கே போனது? நரம்பு தனியாக வாழ்வதில்லை. அதைச் சுற்றிக் கிளியா எனப்படும் துணைச் செல்கள் இருக்கின்றன. கை கால் நரம்பிழைகளை அணைத்திருப்பவை ஷ்வான் செல்கள். மின்கம்பிக்கு மேலுறை போல, பல இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றுபவையும் இவையே. முதுகெலும்பின் ஓரத்தில், உணர்வு நரம்பணுக்களின் உடல்களைச் சூழ்ந்து நிற்பவை இன்னொரு வகை.

நரம்பு வெட்டுப்பட்டால் ஷ்வான் செல் தன் வேலையையே மாற்றிக்கொள்கிறது. மயலினை உதறி, சிதைந்ததை அகற்ற வெள்ளணுக்களை அழைத்து, பெருகி வரிசையாக நின்று, புதிதாக வளரும் இழைக்குத் தடம் போடுகிறது. நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் நரம்பு அந்தத் தடத்தில் வளரும். அடிபட்டது விரலில் என்றாலும் முதுகெலும்பருகே இருக்கும் துணைச் செல்களும் விழித்துக்கொள்கின்றன. அவை ஒன்றோடொன்று கூடுதலாகப் பிணைந்து நரம்பணுவைத் துடிப்பாக்குவதால், சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் வலி நீடிக்கிறது.

தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்த ஷ்வான் செல்லுக்குள்தான். காவல்காரன் வீட்டிலேயே திருடன்! உடலின் குளிர்ந்த பகுதிகள் அதற்குப் பிடிக்கும். அதனால்தான் கை, கால், மூக்கு, காது. 2013-இல் அனுரா ரம்புக்கனவும் எடின்பரோ பல்கலைக்கழகக் குழுவினரும் எலிச் செல்களை ஆராய்ந்து ஒரு வியப்பை வெளியிட்டார்கள். இந்தக் கிருமி ஷ்வான் செல்லின் அடையாளத்தையே அழித்து, குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பி, அதையே தான் பரவும் வண்டியாக்கிக்கொள்கிறது.

சுங்கை பூலோவும் மருத்துவத்துக்குக் கடன் கொடுத்த இடமே. 1964-இல் பெட்டிட்டும் ரீஸும் அங்குள்ள நோயாளிகளின் கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து, டாப்சோன் மருந்துக்கு அது அடங்காமல் போனதை உறுதிப்படுத்தினார்கள். ஒரே மருந்தை நம்பக்கூடாது என்பதற்கு அது முக்கியமான சான்று. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அந்தச் சிகிச்சையில் தொழுநோய் குணமாகும். ஆனால் உலகத்துக்குப் பாடம் கொடுத்த அந்தக் குடியிருப்பின் ஒரு பகுதியை 2007-இல் இடித்தோம். என் மனத்துக்கு இன்னும் ஒப்பவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாமதமாக மருந்துக்கு வந்தவர்களுக்குக் கிருமி செத்தாலும் மரத்த நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. அவர்கள் செருப்பைப் போடுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இரவில் படுக்குமுன் பாதத்தைத் திருப்பி, புண் இருக்கிறதா என்று கண்ணால் தேடுவார்கள்.