எல்லையூரில் ஒரு சக்கரம்

அதியமான் நெடுமான் அஞ்சியின்மேற் படையெடுக்க எண்ணிய பகைவரை நோக்கி ஒளவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 87-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுவதும் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு ஒப்பானவன் எம் தலைவன் என்பது அதன் பொருள். வகுப்பில் ஆசிரியர் அஞ்சியின் வீரத்தை விரித்துரைத்தார். என் உள்ளமோ அந்தத் தச்சனையே சுற்றிக்கொண்டிருந்தது. அத்துணை விரைவாக வேலை செய்பவன் ஒரு சக்கரத்துக்கு முப்பது நாள் ஏன் எடுத்துக்கொண்டான்? அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. பாறசாலைக்கும் களியிக்காவிளைக்கும் இடையே, சாலையோரத்து ஓட்டுக்கூரைப் பட்டறையொன்றில், என் தந்தையாருடைய புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அவிழ்த்துக் கட்டப்பட்ட அன்றுதான் அது எனக்கு விளங்கிற்று.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே இரண்டொரு சொல் கூறுதல் வேண்டும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தையும், 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டையும் நம் சங்கத்துப் பெரியோர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. என் தந்தையாரின் வீடு பாறசாலைப் பக்கம். தாயாரின் பிறந்தகம் விளவங்கோட்டுப் பக்கம். பொங்கல் வரிசை கொண்டு வரும் மாமா ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வருகின்றவரானார். அந்தச் சிறு தொலைவை நாள்தோறும் கடந்தவை சக்கரங்களே.

முதலில் மாட்டுவண்டிச் சக்கரம். குடம், அதினின்று விரியும் ஆரக்கால், ஆரக்காலைத் தழுவிய வட்டை, அதன்மேற் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. இச்சக்கரத்தில் பாரத்தைத் தாங்குவது தரையை நோக்கி நிற்கும் மரக்கால். அது தூணைப்போல் மேலிருந்து அமுக்கப்படுகின்றது. ஆகவே அது தடித்திருத்தல் வேண்டும்.

கம்பிச் சக்கரத்தின் தத்துவமோ இதற்கு நேர்மாறானது. மெல்லிய கம்பியை நிறுத்திவைத்து மேலே அமுக்கினால் வளைந்துபோகும். இழுத்தால் பெரும் பாரத்தைத் தாங்கும். பறக்கும் பொறியொன்றைச் செய்ய முயன்ற ஆங்கிலேயராகிய ஜார்ஜ் கெய்லி, எடை குறைந்த சக்கரம் வேண்டி 1808-இல் இவ்வெண்ணத்தைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கம்பிகள் அனைத்தையும் முன்னரே இழுத்துக் கட்டிவிட வேண்டும். பாரம் ஏறும்போது அடியிலுள்ள கம்பிகள் சற்றே தளரும். ஆனால் அவற்றின் இழுப்பு முற்றும் அற்றுப்போகாது. அது அற்றுப்போகும் நாளே சக்கரம் கெடும் நாள். பிற்காலத்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, 1874-இல், கம்பிகளைக் குடத்தினின்று நேராக விடாமல் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி கட்டும் முறைக்கு உரிமை பெற்றார். மிதிக்கும்போதும், பிரேக்குப் பிடிக்கும்போதும் குடம் முறுக்கப்படுகின்றது. நேர்க்கம்பி அம்முறுக்குக்கு நெகிழ்ந்துகொடுக்கும். சாய்கம்பி அதைத் தானே இழுத்துப் பிடிக்கும். பாயும் நாலு கம்பியைப் பின்னிப் போட்டதில் இத்துணைக் கணக்கு அடங்கியிருக்கின்றது.

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெடிட்ச் என்னும் சிற்றூர். அது ஊசிக்குப் பேர்போன ஊர். ராயல் என்பீல்டின் முன்னோடியான ஜார்ஜ் டவுன்சென்ட் நிறுவனமும் முதலில் ஊசி செய்ததுதான், பின்னர் சைக்கிள், 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள். ஊசிக்கும் சக்கரத்துக்கும் எஃகுக் கம்பியே தாய்ப்பொருள் என்பதை எண்ணும்போது, அவ்வூரார் பழைய தொழிலை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை என்று தோன்றுகின்றது. நம் நாட்டுப் படைக்கு எல்லைக் காவலுக்கென 1950-களின் முற்பாதியில் 800 புல்லட் வண்டிகள் வாங்கப்பட்டன. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினர். 1960-களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. மகள் வீட்டுச் சோறு தாய்வீட்டுக்குப் போனாற் போலும்!

அதே திருவொற்றியூரில்தான், 1946-இல், கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்னும் மலையாள நாட்டு இளைஞர் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் டயர்களுக்கு மறுமுகம் ஒட்டும் ரப்பர். 1961-இல் டயரே வந்தது. எம்.ஆர்.எப். என்று இன்று உலகறிந்த பெயர் அது. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் ரப்பர் மரத்தைக் கீறி விடியற்காலையில் பால் எடுக்கின்றவர்களுக்குத் தமிழ்ப்பால், மலையாளப்பால் என்ற வேறுபாடு தெரியாது.

என் தந்தையார் 1966-இல் புல்லட் வாங்கினார். முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் 40 கம்பிகள். ஞாயிறுதோறும் தேங்காயெண்ணெய்த் துணியால் அவற்றைத் துடைப்பது அண்ணனுக்கும் எனக்கும் இட்ட பணி. எண்பது கம்பிகளையும் எண்ணித் துடைக்க வேண்டும் என்பது தந்தையாரின் கட்டளை. எங்கள் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பூவாறு பக்கத்துக் கடற்காற்றில் உப்பும் உண்டு. இரும்புக்கு இவை மூன்றும் பகை.

தந்தையார் மறைந்தபின் வண்டி அண்ணனிடம் வந்தது. வெளிவட்டத்தின் உட்புறம், டியூபின் அடியில், துரு தின்றிருந்தது. அண்ணன் தாம் வேலை பார்த்த நகரத்துப் பட்டறையொன்றில் வட்டத்தையும் கம்பிகளையும் புதிதாக மாற்றினார். பளபளவென்று மின்னிற்று, நாங்கள் எல்லோரும் மெச்சினோம். அவ்வாண்டு மழைக்காலத்தில், அமரவிளைப் பாலத்துக்கு இப்பால், முன்சக்கரம் முட்டைபோல் கோணி முள்ளுக்குள் இறுகிக்கொண்டது. அண்ணன் தூக்கி எறியப்பட்டார். இடக்கால் எலும்பு முறிந்தது. இன்றும் மாடிப்படி ஏறும்போது அவர் சற்று நின்று ஏறுவார்.

வண்டியை மினிலாரியில் ஏற்றி எல்லைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த ஆசாரியின் பாட்டனார் வண்டிச் சக்கரம் செய்தவர்; தந்தை சைக்கிள் கடை வைத்தவர்; இவர் புல்லட்டுக்கு வந்தார். அவர் ஒரு நிப்பிளைக் கழற்றி எங்களிடம் காட்டினார். கம்பியின் மரை நிப்பிளுக்குள் மூன்று சுற்றே ஏறியிருந்தது. முன்குடமும் பின்குடமும் ஒரே அளவின அல்ல; ஆகையால் கம்பியின் நீளமும் ஒன்றன்று. நீளம் போதாத கம்பியை எவரோ வலிந்து மாட்டி முறுக்கியிருக்கிறார். மரை நழுவிற்று; ஒன்று போக, அதன் பாரம் அண்டைக் கம்பிக்கு ஏறிற்று; பிறகு அதுவும் போயிற்று.

நான் அண்ணனிடம் சொன்னேன்: "வித்துவிடலாம் அண்ணா. இல்லையென்றால் கம்பி இல்லாத வார்ப்புச் சக்கரம் போட்டுவிடலாம்." அம்மாவும் அதையே சொன்னார். அண்ணன் விடை சொல்லவில்லை. ஆசாரிதான் பழைய குடத்தைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "குடத்துல ஒரு குத்தமும் இல்ல. உங்க அப்பா ஓட்டுன குடம். நாலு நாள் தாங்க" என்றார்.

அந்த நாலு நாளில் இரண்டு நாளை நான் அங்கேயே கழித்தேன். கம்பியை வெட்டுமுன் அவர் முதலிற் செய்தது அளவெடுத்தல். நேர்சட்டம் ஒன்றைக் குடத்தின் முகத்தில் வைத்து, வெளிவட்டம் எவ்வளவு ஒதுங்கி நிற்கின்றது என்று குறித்தார். நல்ல நிலையிலிருந்த பின்சக்கரத்தைப் பார்த்துப் பின்னலின் போக்கைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தார். பிறகு பேரிங்கையும், டிரம்மின் தேய்மானத்தையும் சோதித்தார். புது வட்டத்தைக் கண்ணாடிப் பலகைமேல் கிடத்தி, அது தட்டையாகப் படிகின்றதா என்று பார்த்தார். இரண்டு வட்டங்களைத் திருப்பி அனுப்பினார், மூன்றாவது தேறிற்று. வட்டத்தின் துளைகள் நேராக இரா. ஒவ்வொன்றும் தன் கம்பி வரும் திசைக்குச் சாய்ந்திருக்கும். அதைக் காணாமல் கோத்தால் கம்பி நிப்பிளின் கழுத்தில் வளைந்து, நாளடைவில் அங்கேயே ஒடியும்.

முதலில் உள்ளிருந்து வரும் கம்பிகள், பின்பு வெளியிருந்து வருபவை. எல்லாவற்றையும் தளர்வாகவே கோத்தார். பிறகு ஒவ்வொரு நிப்பிளுக்கும் அரைச்சுற்று, அடுத்த வலத்தில் கால்சுற்று. ஒரே இடத்தில் இறுக்கினால் கோட்டம் வேறிடத்தில் எழும். ஊசிமுனை ஒன்றை வட்டத்தின் அருகே நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றி, பக்கவாட்டு ஆட்டத்தையும், மேல்கீழ் ஏற்றத்தாழ்வையும் மாறிமாறித் திருத்தினார். ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தபின்னும் அவர் நிறுத்தவில்லை. ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். வீணையைச் சுருதி கூட்டுகின்றவரைப்போல் தலையைச் சாய்த்துக் கேட்டார். பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒரு கம்பியிடம் நின்றார்.

"இது மட்டும் வேற சத்தம். கேட்டியா மக்களே?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன், கட்டுப்போட்ட காலோடு பெஞ்சியில் அமர்ந்திருந்தவர், "ஆமா, மந்தமா இருக்கு" என்றார். விபத்துக்குப்பின் அந்த வண்டியைப் பற்றி அவர் பேசிய முதற்சொல் அதுவே. கம்பி ஒரேயளவாக இழுபட்டிருந்தால் ஒலியும் ஒத்திருக்கும்; மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. கடைசியில் நிப்பிளுக்கு வெளியே நீண்ட கம்பி நுனிகளை அரத்தால் ராவி, டியூபைக் குத்தாதபடி ரப்பர்ப் பட்டை இட்டு, டயரை ஏற்றினார். கூலியாக அவர் கேட்டது நகரத்துப் பட்டறை வாங்கியதில் பாதி.

நம் காலனி வாயிலில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். வார்ப்புச் சக்கரங்களே மிகுதி. டியூப் இல்லாத டயர் அதில் எளிதாக அமையும். கோட்டம் எடுக்கும் வேலையும் இல்லை. அதைக் குறைகூற நான் ஒருப்படேன். ஆனால் அது ஒருமுறை விரிசல்விட்டால் எறிய வேண்டியதுதான். கம்பிச் சக்கரத்தில் கெட்ட கம்பியை மட்டும் மாற்றலாம். எங்கள் பக்கத்துப் பாலராமபுரத்தில், பாலராம வர்மா மன்னர் காலத்தில் தமிழ் நாட்டினின்று குடியேற்றப்பட்ட சாலியர் வழியினர் நெய்கின்றனர். ஓடி ஓய்ந்த சைக்கிள் சக்கரம் அங்கே நூல் சுற்றும் ராட்டையாகச் சுழல்வதைச் சிறுவயதில் கண்டிருக்கின்றேன். வார்ப்புச் சக்கரம் இப்படி மறுபிறவி எடுத்ததை எங்கும் கண்டதில்லை.

அந்த ஆசாரி இப்போது இல்லை. அவர் மகன் பட்டறையை நடத்துகின்றார். சென்ற ஆண்டு பின்சக்கரத்தின் முறை வந்தது. புல்லட்டின் பின்குடத்துள் ரப்பர்க் கட்டைகள் உண்டு. எஞ்சினின் குலுக்கலை அவை வாங்கிக்கொள்வதால் கம்பிகள் பிழைக்கின்றன. எங்கள் வண்டியில் அக்கட்டைகள் கல்லாய்ச் சமைந்திருந்தன, அவற்றையும் மாற்றினோம். கம்பிகளைத் தட்டிப் பார்க்கும் வேலையை இளைய ஆசாரி அண்ணனிடமே விட்டுவிட்டார். எழுபதைக் கடந்த அண்ணன் ஒரு மணி நேரம் குனிந்திருந்து தட்டி, இரண்டு கம்பிகளைச் சுட்டிக்காட்டினார்.

புதிதாகக் கட்டிய சக்கரம் முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓடியபின் கம்பிகள் தம் இடத்தில் படிந்து சற்றே தளரும். மீண்டும் ஒருமுறை இறுக்கியாக வேண்டும். அண்ணன் மகள் அதற்காகவே வண்டியை ஓட்டிக்கொண்டு அமரவிளைப் பாலம் வரை நாள்தோறும் போய்வந்தாள்.